மயிலாத்தாளின் களைக்காடு

பூக்காடு பாக்க வந்தீங்களா? கேமராவைப் பாத்ததுமே நெனச்சனுங்க. வாங்க தம்பி. அந்தக் கேட்டு பூட்டியிருக்குது. மயிலாத்தா தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறா, வர பொழுது சாஞ்சிரும். அதனால ஒண்ணும் நட்டமில்லீங்க. அவளைப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? வாயே தொறக்க மாட்டா. என்ன கேக்கோணுமோ என்னைக் கேளுங்க. நான் அவளுக்கு அண்ணன், நாச்சிமுத்து. இந்தப் பூக்காட்டைக் கட்டி மேய்க்கறது நான்தானுங்க. பேரு அவளுக்கு, பாடு எனக்கு.

இப்படி என்ற தோப்பு மோட்டார் ரூம் நெழலுக்கு வந்து உக்காருங்க. மோரு குடிப்பீங்கல்ல? சிந்தாமணி, தம்பிக்கு ஒரு சொம்பு மோரு கொண்டா. அது எங்கூட்டுக்காரி. காது நல்லாக் கேக்கும், பதில்தான் வராது. எனக்கு வாச்ச பொம்பளைங்க ரெண்டு பேருமே இப்படித்தான்.

மொதல்ல இருந்து சொல்றனுங்க. அப்பத்தான் யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு உங்களுக்கே தெரியும்.

மயிலாத்தா எனக்கு ஒரே தங்கச்சி. திருப்பூர்ல கட்டிக் குடுத்தோம். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாத்துக்கிட்டிருந்தா. மாப்பிள்ளை நெஞ்சு வலியில போயிட்டாரு, மகளையும் அங்கயே ஒரு நல்ல எடத்துல குடுத்துட்டா. அப்பறம் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நின்னா. "அண்ணா, அப்பன் சொத்துல எனக்கு ஒரு பாகம் வேணும்"னு கேட்டா. கேட்டது தப்பில்லீங்க. நான் நியாயம் பேசறவன். மறுபேச்சு பேசலை, குடுத்துட்டேன்.

எதைக் குடுத்தேன்னு கேக்கறீங்களா? இதோ இந்தக் கொரங்காட்டைத்தான். நீங்க டவுன்காரரு, உங்களுக்குத் தெரியாது. கொரங்காடுன்னா மேய்ச்சக்காடு. கெணறு இருக்காது, உழவு இருக்காது. மழை பேஞ்சா புல்லு மொளைக்கும், ஆடு மாடு மேயும், சுத்தியும் கிளுவை வேலி. இதுக்கு அந்தப் பக்கமும் என்ற முருங்கைத் தோப்பு, இந்தப் பக்கமும் என்ற முருங்கைத் தோப்பு. நடுவுல இந்தக் கல்லுக்காடு. தண்ணி பாயற நெலத்தை ஒத்தைப் பொம்பளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா? கரண்டு வர்றப்ப எந்திரிச்சுப் போய் மோட்டாரு போட முடியுமா? அவ நல்லதுக்குத்தான் இதைக் குடுத்தேன். ஒரு வருசம் வெச்சிருந்துட்டு "இதுல ஒண்ணும் வெளையலைண்ணா, நீயே வாங்கிக்க"ன்னு வருவா, வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவ வரலை.

என்ன பண்ணினா தெரியுங்களா? ஒண்ணுமே பண்ணலை. பாதிக் காட்டுல ஆட்டை விடாம வேலியில முள்ளு வெச்சு அடைச்சுட்டா. மழை வந்துச்சு. புல்லோட சேந்து தும்பை வந்துச்சு, துத்தி வந்துச்சு, கொழுஞ்சி வந்துச்சு, வெட்டுக்காயப் பூண்டு, நாயுருவி, விஷ்ணுகிரந்தி, உலகத்துல மனுசன் புடுங்கிப் போடற அத்தனையும் வந்துச்சு. இவ அதைப் புடுங்காம உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறா. பத்தாததுக்கு ரயில் ரோட்டோரம், ஏரிக்கரை, சுடுகாட்டுப் பக்கமெல்லாம் போய் வெதை கொண்டாந்து போடறா. சேலை முந்தியில முடிஞ்சு கொண்டு வருவா. எவளாவது தும்பை வெதைப்பாளாங்க? ஊர்ல சிரிச்சாங்க. "நாச்சிமுத்து தங்கச்சி களை வெவசாயம் பண்றா"ன்னு டீக்கடையில பேசறாங்க. என்ற பேரைச் சொல்லித்தான பேசறாங்க? அவளுக்கென்ன.

ஒரு நாள் வேலிகிட்ட நின்னு கேட்டேன். "ஏம்மா மயிலா, உங்காட்டு வெதையெல்லாம் காத்துல பறந்து என்ற தோப்புக்கு வருது. என்ன பண்ணலாம்னு இருக்கற?"

"வரட்டும்ணா. பூக்கும்."

"பூத்தா?"

"பூச்சி வரும்."

"பூச்சி வந்தா மருந்தடிக்கோணுமே."

அதுக்குச் சிரிச்சா பாருங்க. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கலை. திருப்பூர்ல பனியன்ல நூலு வெட்டிக்கிட்டிருந்தவ, நாப்பது வருசம் மண்ணுல கெடக்கறவனைப் பாத்துச் சிரிக்கறா.

சரி, வெவரம் தெரியாதவ, நம்மதான் ஒரு கை உதவி பண்ணோணும்னு முடிவு பண்ணினேன். அவ மகளுக்குப் பிரசவம்னு திருப்பூர் போயிருந்தா. டிராக்டர்காரனைக் கூப்பிட்டு நாலு ஏக்கராவையும் ஒரே ஓட்டா ஓட்டிப்போட்டேன். பூட்டை ஒடைக்கலீங்க, வேலியைத்தான் ஒரு பக்கம் பிரிச்சேன். உழவுக்கூலியும் நானே குடுத்தேன், அவகிட்டக் கேக்கலை. மண்ணு அப்படியே செவசெவன்னு பெரண்டு கெடந்துச்சு. கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சுங்க. சிந்தாமணி மட்டும் "அவங்க வரட்டுமேன்னு இருந்திருக்கலாம்"னா. வந்து பாத்தா சந்தோசப்படுவான்னு சொன்னேன்.

மயிலா வந்தா. பஸ்ஸை விட்டு எறங்கினவ பையைக்கூட ஊட்டுல வெக்கலை. நேரா காட்டுக்குள்ள போனா. கத்துவா, ரெண்டு திட்டு திட்டுவா, நானும் ரெண்டு சொல்லி முடிச்சுக்கலாம்னு தோப்புல நின்னுக்கிட்டிருந்தேன். ஒண்ணுமில்லை. உழவுசால்ல உக்காந்தா. ஒரு மண்ணாங்கட்டியைக் கையில எடுத்தா. அதுல சின்னச் சின்னதா ஓட்டை இருந்துச்சு. அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பறம் மடியில வெச்சுக்கிட்டா. வெயில் எறங்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. சிந்தாமணி போய்க் கூட்டிக்கிட்டு வந்தா.

அன்னைக்கு இருந்து எங்கிட்டப் பேச்சு இல்லை. ஒரு மண்ணாங்கட்டிக்காகக் கூடப்பொறந்தவன்கிட்டப் பேசாம இருக்கறவளை நீங்க பாத்திருக்கறீங்களா? நானும் பேசலை. நான் எதுக்குப் பேசோணும்? உழுது குடுத்தவன் நானு.

அடுத்த மாசி வந்துச்சு. முருங்கை பூத்துச்சு பாருங்க, அப்படி ஒரு பூவு. தோப்பே வெள்ளையா நின்னுச்சு. காயி புடிக்கலை. பூவு பூவாக் கொட்டிக் கெடக்குது, கூட்டி அள்ளறாப்பல. மரத்துக்கு நாலு காயி, அஞ்சு காயி. மருந்துக் கடைக்காரன் ஒரு டானிக்கு குடுத்தான், அடிச்சேன். இன்னொண்ணு குடுத்தான், அதையும் அடிச்சேன். தண்ணி கொறைச்சுப் பாத்தேன், கூட்டிப் பாத்தேன். கண்ணு பட்டிருக்கும்னு தோப்பு முக்குல பழைய செருப்புக் கட்டித் தொங்கவிட்டேன். சிந்தாமணிதான் ஒரு நாள் காலையில தோப்புல நின்னுக்கிட்டு, "ஏனுங்க, சத்தத்தையே காணமே"ன்னா.

"என்ன சத்தம்?"

"வண்டுச் சத்தம்."

நின்னு கேட்டேன். நெசந்தான். முந்தியெல்லாம் பூ பூத்தா தோப்புக்குள்ள ஒரே ரீங்காரமா இருக்கும். கருவண்டு, பெரிசு பெரிசா, கட்டைவெரல் தண்டி இருக்கும். தேனீயும் மொய்க்கும். அது இருக்கறப்ப அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தோணாது. இப்ப அமைதியா இருக்குது. கோயில்ல மணி நின்னு போனாப்பல.

யாரோ சொன்னாங்கன்னு கோழி எறகைக் குச்சியில கட்டி நானே பூவுக்குப் பூ தொட்டுப் பாத்தேன். சிந்தாமணி ஏணி புடிச்சா. ரெண்டு மரம் முடிக்கறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்கிச்சு. வண்டு ஒரு நாளைக்கு எத்தனை பூவுக்குப் போகுமோ தெரியலை, அதுக்குக் கழுத்துமில்லை.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வண்டெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? மயிலா காட்டுல இருந்து. முருங்கை பூக்காத மாசத்துல அதுக அந்தத் தும்பையிலயும் கொழுஞ்சியிலயும் தின்னுக்கிட்டு, அங்கயே மண்ணுலயும் காஞ்ச கட்டையிலயும் குடியிருந்துச்சுக. இப்ப இவ என்ன பண்ணியிருக்கறா? காட்டை வெறுமனே போட்டு வெச்சிருக்கறா. உழுத காடு உழுதபடி கெடக்குது. பார்த்தீனியம் மண்டிக் கெடக்குது. ஒரு பூச்செடி வெதைக்கலை. வேணும்னே போட்டு வெச்சிருக்கறா. அண்ணன் கெட்டுப் போவட்டும்னு. என்ற முருங்கைப் பூவுல தேன் குடிச்சு வளந்த வண்டுக, அதுகளை வெரட்டிப்போட்டா. இது பொறாமை இல்லாம என்னுங்க?

நான் நியாயம் பேசறவன். நேரா எங்க மாமன்கிட்டப் போனேன். எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தவரு, கொழந்தவேல் மாமன். எங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா அவர் சொல்றதுதான் முடிவு. வயசாயிருச்சு, பாதிப் பேச்சுல தூங்கிப் போவாரு, ஆனாலும் மாமன் மாமன்தான். அவரு ஊட்டு முன்கட்டு ஆசாரத்துல உக்கார வெச்சு ரெண்டு பேரையும் வெசாரிச்சாரு. நான் சொன்னேன், "மாமா, இவ காட்டுல பூச்செடி வெக்க மாட்டேங்கறா. அதனால எனக்கு வெள்ளாமை போச்சு. இவளை வெதைக்கச் சொல்லுங்க."

மாமன் கேட்டாரு. "போன வருசம் அதே பூச்செடியை உழுது தள்ளினது யாருப்பா?"

"அது போன வருசமுங்க மாமா. நான் இந்த வருசத்தைப் பத்திப் பேசறேன்."

பேச்சுன்னா இப்படித் தெளிவா இருக்கோணும். மாமன் மயிலா பக்கம் திரும்பி, "நீ என்ன சாமி சொல்ற?"ன்னாரு. அவ எம்பக்கம் திரும்பவே இல்லை. அவருகிட்டத்தான் சொன்னா. "வெதை வெச்சிருக்கறேன் மாமா. குனிஞ்சு நிமுந்து வேலை செய்ய முழங்கால் ஆகலை. கூலிக்கு ஆளை விட்டா நல்ல செடியையும் சேத்துப் புடுங்கிப் போடறாங்க. உழுதவங்களே வெதைச்சுக் குடுக்கட்டும். மூணு வருசம் கூடவே நின்னு பாத்துக்கட்டும். அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பாத்தீங்களா, அவ வாயாலயே மாட்டிக்கிட்டா. அவ நெலத்துக்குள்ள நான் மூணு வருசம் தாராளமாப் போகலாம், வரலாம். யாரு கேக்க முடியும்? ஒத்துக்கிட்டேன். சிந்தாமணி, "இப்ப ஜெயிச்சது யாரு?"ன்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன். சரின்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

ஆடி மழைக்கு வெதைச்சேன். வெதைக்கறதுன்னா சும்மா இல்லீங்க. கொழுஞ்சி வெதைக்குத் தோலு கெட்டி, அதை மணலோட சேத்துத் தேய்க்கோணும். தும்பை வெதை கடுகைவிடப் பொடுசு, அதை மணல்ல கலந்து கைநெறைய வீசோணும். மூடக் கூடாது. ஆட்டை ஒரு நடை ஓட்டினாப் போதும், மிதிச்சு அமுக்கிரும். இதெல்லாம் அவ எங்கிட்டச் சொல்லலை. ஆடு மேய்க்கற ராக்கியப்பன்கிட்டச் சொல்லுவா, நானும் பக்கத்துல நிப்பேன். "ராக்கியப்பா, மணல் பத்தாதுன்னு சொல்லு"ம்பா. நான், "பத்தும்னு சொல்லு"ம்பேன். ராக்கியப்பன் நடுவுல நின்னுக்கிட்டு ஆட்டைப் பாத்துக்கிட்டிருப்பான்.

மொதல் வருசம் ஒண்ணுமே இல்லீங்க. பார்த்தீனியந்தான். அதை வேரோட புடுங்கிப் புடுங்கிக் கையெல்லாம் தடிச்சுப் போச்சு. எடையில ரெண்டெலை மூணெலையா என்னமோ இருக்குது, அது எதுன்னு தெரியாம மண்டி போட்டு உக்காந்து பாக்கோணும். எனக்கு வெறுத்துப் போச்சு. மறுபடியும் ஓட்டிப்போட்டு வேற வெதைக்கலாம்னு ராக்கியப்பன்கிட்டச் சொல்லிவிட்டேன். அவன் போயிட்டு வந்தான். "என்ன சொன்னா?"ன்னேன். "கீழ வேரு போவுதாம். பேசாம இருக்கச் சொல்லுது"ன்னான். பேசாமத்தான இருக்கறோம், இன்னும் என்னத்தைப் பேசாம இருக்கறதுன்னு விட்டுட்டேன்.

ரெண்டாம் வருசம் மழைக்கு வந்துச்சு பாருங்க. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ஊதா. வேலியோரம் ஆவாரை மஞ்சமஞ்சேர்னு. ஒண்ணு ஓய்ஞ்சா ஒண்ணு பூக்கும், எந்த மாசமும் காடு வெறுமையா இருக்காது. நான் வெச்ச கணக்கு அப்படி. சரி, வெதை அவளுது, ஆனாலும் வீசினது யாரு? வேலி மூலையில காஞ்ச கட்டையெல்லாம் அடுக்கி வெச்சேன், கருவண்டு தொளை போட்டுக் குடியேறும்னு. தம்பி, காலைக் கொஞ்சம் இப்படி வெச்சுக்கங்க. அது வெறும் தரையில்லீங்க. ஓட்டை தெரியுதா? மண்ணுத் தேனீ, வேலி தாண்டி இங்கயும் குடி வந்திருச்சு. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஊடு. மிதிச்சா உள்ள குஞ்சு போயிரும். படிச்சவங்க நீங்க, இதெல்லாம் பாத்து நடக்க வேண்டாமா?

போன வருசம் மாசியில தோப்புல நின்னேன். சத்தம் கேட்டுச்சு. காயி எப்படிப் புடிச்சுதுன்னு சிந்தாமணிகிட்டக் கேளுங்க. கெளை தாங்காம முட்டுக் குடுத்து நிறுத்தினோம். மொதல் அறுப்புல ஒரு கட்டு கொண்டு போய் மயிலா வாசல்ல வெச்சுட்டு வந்தேன். குடுக்கறதுக்கில்லீங்க. அவளும் பாக்கட்டும்னுதான், யாரு வெளைய வெச்சதுன்னு.

இப்ப எனக்குப் புது ரோதனை ஒண்ணு வந்திருக்குது. பக்கத்துக் காட்டுக்காரன் வஞ்சியப்பன். போன வாரம் வேலிகிட்ட வந்து நின்னுக்கிட்டு, "ஏனுங்க, உங்க களை வெதையெல்லாம் காத்துல பறந்து என்ற காட்டுக்கு வருது, வேலியோரம் மருந்தடிக்கப் போறேன்"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "வஞ்சியப்பா, களைன்னு சொன்ன வாயைக் கழுவு. நீ மருந்தடிச்சுப் பாரு, மாமன்கிட்டப் போயிருவேன்"னேன். எத்தனை வெவரங்கெட்ட ஆளுங்க இருக்கறாங்க பாருங்க. பூவு பூத்தா பூச்சி வரும், பூச்சி வந்தாத்தான் காயின்னு ஒரு சின்ன வெசயம், அதைக்கூட ஒருத்தன் தெரிஞ்சுக்க மாட்டானா? இவனெல்லாம் எப்படி இத்தனை வருசம் வெவசாயம் பண்ணினான்னு சிந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. என்ன பார்வைன்னு எனக்குத் தெரியலை. அடுத்த நாள் நானே போய் வஞ்சியப்பன் வேலியோரமும் கொஞ்சம் தும்பை வீசிட்டு வந்துட்டேன். அவன் ஊர்ல இல்லை. அவன் நல்லதுக்குத்தான்.

இந்த ஆடியோட மூணு வருசம் முடிஞ்சுதுங்க. முடிஞ்சா முடிஞ்சதுதான? பேச்சுன்னா பேச்சு. நேத்து வெடியக்காலம் களைக்கொத்தையும் கூடையையும் எடுத்துக்கிட்டுப் போய் அவ வாசல்ல வெச்சேன். சிந்தாமணியும் எம்பின்னால வந்தா, எதுக்குன்னு தெரியலை. மயிலா வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தா. ராக்கியப்பன் இன்னும் வரலை. யாரு மூலமாச் சொல்றதுன்னு தெரியாம, நான் வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டு, "மூணு வருசம் ஆயிப்போச்சு. இனி எனக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தமில்லை"ன்னு சத்தமாச் சொன்னேன்.

அவ சொம்பைக் கீழ வெச்சா. மரத்தைப் பாக்கலை, சிந்தாமணியைப் பாக்கலை. எம்மூஞ்சியைப் பாத்தா. தலை பாதி நரைச்சுப் போயிருக்குதுங்க, அதை நான் நேத்துத்தான் பாத்தேன். "வடக்கு மூலை அப்படியே கெடக்குதுண்ணா"ன்னா.

எப்படி இருக்குது பாருங்க. மூணு வருசம் ஒரு ஆளு மாடாட்டம் ஒழைச்சிருக்கறான். நல்லாச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை உண்டா? எடுத்த எடுப்புல வேலை பாக்கிங்கறா. எத்தனை திமிரு இருக்கோணும்? ஏதாச்சும் சுருக்குனு கேக்கோணும்னுதான் வாயைத் தொறந்தேன். "பாக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு, வெச்ச கொத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

பொழுது பூராவும் வடக்கு மூலையிலதான் இருந்தேன். அவ சொன்னதுக்காகவெல்லாம் இல்லீங்க. போய்ப் பாத்தா நெசமாலுமே சீமைக்கருவேல் மொளைச்சுக் கெடக்குது, இப்பவே தோண்டலைன்னா அப்பறம் ஆகாது. ஊட்டுக்கு வந்தா சிந்தாமணி சோத்தைப் போட்டு வெச்சுட்டு முந்தியில கண்ணைத் தொடைச்சுக்கிட்டிருக்கறா. என்னடீன்னா, "ஒண்ணுமில்லீங்க, அண்ணான்னு கூப்புட்டாங்கல்ல"ங்கறா. இத்தனை வேலை கெடக்குது, இதுல அழுகறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கலை.